கன்னியாவைத் தாண்டிப் போன வான்

உப்புவெளியில் கடலைப் பார்த்தபடி நிற்கும் ஒரு விடுதியில், வரவேற்பு மேசைக்குப் பின்னால் எனக்கு வேலை கிடைத்து நான்காவது நாள். காலைச் சாப்பாடு முடிந்து விருந்தினர்கள் கடற்கரைக்கு இறங்கிவிட்டார்கள். விடுதி வானின் சாரதி உள்ளே வந்து, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, மேசை விளிம்பில் விரலால் தட்டியபடி நின்றார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். ஒரு காலில் நிற்பார், பிறகு மற்றக் காலுக்கு மாறுவார். வாசலைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார்.

"தம்பிதானே கம்பஸ் முடிச்சிட்டு வந்த பிள்ளை?"

"ஓம்."

"என்ன பாடம்?"

"புவியியல்."

"அப்ப சரி. இலங்கையில சுடுதண்ணிக் கிணறு எத்தினை இடத்தில இருக்கு? கன்னியாவை விட்டுட்டுச் சொல்லுங்கோ."

என் இறுதி வருட ஆய்வே வெந்நீரூற்றுகள் பற்றியதுதான். வெருகலுக்கு அருகே எங்கள் கிராமத்தில் பல்கலைக்கழகப் பட்டம் பெற்ற முதல் ஆள் நான். பட்டமளிப்பு விழாப் படத்தை அம்மா சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் மாட்டி வைத்திருக்கிறார். ஆனால் அந்தப் பட்டத்துக்காக நான் வெயிலில் அலைந்து எழுதிய ஆய்வுக்குள் என்ன இருக்கிறது என்று வீட்டிலோ ஊரிலோ யாரும் கேட்டதில்லை. கேட்ட முதல் ஆள் இந்தச் சாரதி. எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

அன்று மத்தியானமே ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்தேன். இடத்தின் பெயர், மாவட்டம், திருகோணமலையிலிருந்து எத்தனை கிலோமீற்றர், எந்தச் சந்தியில் திரும்ப வேண்டும். என் ஆய்வில் இருந்த அட்டவணையில் இன்னும் சில நிரல்கள் இருந்தன. தண்ணீரின் சூடு, கந்தகம், உப்பு. வான் ஓட்டுகிறவருக்கு எதற்கு அதெல்லாம் என்று வெட்டிவிட்டேன். ஒரே பக்கத்துக்குள் அழகாக வந்தது.

அவர் அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"கன்னியாவை ஏன் அண்ணன் வேண்டாமெண்டுறீங்கள்? கிழமைக்கு மூண்டு தரம் அங்கதானே போறீங்கள்?"

"அது வெள்ளைக்காரருக்கு," என்றார். வானின் திறப்புக் கொத்து விரலில் சுழன்றுகொண்டிருந்தது. அடுத்த கேள்விக்கு அவர் நிற்கவில்லை.

மிச்சத்தை நௌபர் சொன்னார். நௌபர் கிண்ணியாக்காரர், விடுதி வாசலில் முச்சக்கரவண்டி நிறுத்துகிறவர். உப்புவெளியில் யாருடைய கதையும் அவரைக் கேட்காமல் வீதியைக் கடக்காது.

"சீலண்ணன்ட பொஞ்சாதிக்குப் பங்குனி மாசம் பாரிசவாதம் அடிச்சிட்டு. இடப்பக்கம் காலும் கையும் வேலை செய்யிதில்ல, தொட்டாலும் தெரியிதில்ல. ஆஸ்பத்திரியில ஆறு மாசம் எண்டு சொல்லியிருக்காங்க. அதுதான் மனிசன் தாச்சியில போட்ட கடுகு மாதிரி வெடிச்சிக்கிட்டுத் திரியிறார்."

"ஆறு மாசத்துக்கு என்ன?"

"அதுக்குள்ள கால் வந்தா வந்தது. பிறகு கதவைப் பூட்டிருவாங்க எண்டு அவர்ட நினைப்பு."

உண்மையில் ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கும் பெண் சொன்னது வேறு. முதல் ஆறு மாதத்தில் முன்னேற்றம் கூடுதலாக இருக்கும், பிறகு மெதுவாக வரும், இளஞ்சூட்டுத் தண்ணீரில் காலை வைத்து அசைத்தால் விறைப்பு இளகும் என்றுதான் அவர் சொன்னார். சாரதி தர்மசீலன் அண்ணனின் காதில் இரண்டு விசயங்கள்தான் ஏறின: ஆறு மாதம், சுடுதண்ணீர்.

அவர் தம்பலகாமத்தில் பிறந்தவர். பதினாறு வயதில் உழவு இயந்திரம் ஓட்டப் பழகினார். தொண்ணூறாம் ஆண்டு வயலையும் வீட்டையும் விட்டு ஓடியபோது, அந்த உழவு இயந்திரத்தின் பெட்டியில் மூன்று குடும்பங்களை ஏற்றிக்கொண்டு வந்தவர் அவர்தான். பிறகு நெல் லொறி, நிவாரண லொறி, சுனாமிக்குப் பின் ஒரு தொண்டு நிறுவனத்தின் ஜீப், கடைசியில் விடுதி வான். இந்த நாட்டில் அவர் போகாத வீதி குறைவு. இருந்தபடி செய்கிற தொழிலைச் செய்கிறவர், ஆனால் வண்டி நின்றுவிட்டால் அவரால் இருக்க ஏலாது. கதிரையில் அமர்ந்தால் வலது கால் தரையில் பெடலை மிதித்துக்கொண்டிருக்கும்.

மனைவி சீதேவி உப்புவெளிக்காரி. முன்னறையில் தையல் இயந்திரம் போட்டுப் பள்ளிக்கூடச் சீருடை தைத்தவர். ஒரே மகள் ஜதுசா கல்யாணமாகி வவுனியாவில் இருக்கிறாள். சீதேவியின் தங்கை சுதர்சிகா அடுத்த வளவில். அவர்தான் இப்போது சமைத்துக் கொடுத்துப் பார்த்துக்கொள்கிறார்.

கன்னியாவின் விசயம் எனக்கு அங்கே போன நாளில்தான் விளங்கியது. விடுதியில் 'வெந்நீர்ச் சுற்றுலா' என்று ஒரு திட்டம் வைத்திருந்தார்கள். காலையில் எண்ணெய் தேய்த்துவிட்டு, வானில் ஏற்றிக் கன்னியாவுக்குக் கொண்டுபோய்க் குளிக்க வைத்து, திரும்பி வந்ததும் இளநீர் கொடுப்பார்கள். அதற்குத் துண்டுப்பிரசுரம் எழுதும் வேலை என்னுடையது. ஜேர்மன் தம்பதி ஒன்றுடன் நானும் ஏறிக்கொண்டேன்.

கன்னியாவில் ஏழு சின்னச் சதுரக் கிணறுகள். குனிந்து வாளியால் அள்ளலாம், அவ்வளவு ஆழம்தான். ஒன்றுக்கொன்று சூடு கொஞ்சம் மாறும், ஆனால் எதுவும் சுட்டுவிடாது. அந்த ஜேர்மன் அம்மா முதலில் ஒரு விரலை வைத்தார், பிறகு கையை வைத்தார், பிறகு கணவரைப் பார்த்தார். நாங்கள் அப்படிச் செய்வதில்லை. திருகோணமலைக்காரருக்குச் சுடுதண்ணிக் கிணறு என்றால் அள்ளுவது, ஊற்றுவது. இடையில் ஒன்றும் இல்லை.

"நோ ஃபியர் மேடம். லைக் திஸ்," என்று தர்மசீலன் அண்ணன் ஒரு வாளியை அப்படியே தன் தலையில் கவிழ்த்துக் காட்டினார். காற்சட்டையெல்லாம் நனைந்தது. கிழமைக்கு மூன்று தரம் இப்படித்தான் நனைவாராம்.

"அக்காவை இஞ்சயே கூட்டிக்கொண்டு வரலாமே அண்ணன். வீட்டில இருந்து கால் மணித்தியாலம்," என்றேன்.

"கேட்டுப் பாத்தனான்." அவர் தலையைத் துவாயால் துடைத்தார். "'அப்பாவுக்கு முப்பத்தொண்டு அங்க. அம்மாவுக்கு முப்பத்தொண்டு அங்க. காணாமல் போன அண்ணனுக்கு மட்டும் போகேல்லை, செத்தது எந்த நாள் எண்டு தெரியாத படியால். இப்ப எனக்கு முன்கூட்டியே செய்து முடிக்கப் போறீங்களோ?' எண்டு கேட்டாள். அதுக்குப் பிறகு நான் என்னத்தைக் கேக்கிறது, தம்பி?"

எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் கன்னியாவில் கிரியை செய்து, குடும்பத்தோடு அந்தத் தண்ணீரில் குளித்துவிட்டு, திரும்பிப் பாராமல் வீட்டுக்கு வருகிறவர்கள் நிறையப் பேர். உல்லாசமாகக் குளிக்க வருகிறவர்களும் உண்டுதான். சீதேவி அக்கா வீட்டில் அந்தப் பழக்கம் இருக்கவில்லை. அவருக்குக் கன்னியா என்றால் ஈரத் தலையோடு அழுதுகொண்டு வரும் இடம். அங்கே உயிரோடு கூட்டிப்போவதென்றால், புருசன் கைவிட்டுவிட்டார் என்று அர்த்தம்.

அதனால்தான் கன்னியாவை விட்டுவிட்டுச் சொல்லச் சொன்னார். யாருக்கும் யாரும் சாகாத ஒரு சுடுதண்ணீர் அவருக்கு வேண்டியிருந்தது.

அண்ணனிடம் சொந்தமாக ஒரு பழைய டொல்பின் வான் இருந்தது. பின் இருக்கையைக் கழற்றி மெத்தை போட்டார். நான் அந்த இடங்களுக்கு ஆய்வுக்குப் போய் வந்தவன், கொஞ்சம் சிங்களமும் தெரிந்தவன் என்பதால் என்னையும் வரச் சொன்னார். என் விடுமுறை நாள்கள் அப்படித்தான் போயின.

முதற் பயணம் கோமரங்கடவல பக்கம், ரன்கிஹிரிய. போகும் வழியில் கன்னியாச் சந்தி வரும்போது வானுக்குள் பேச்சு நின்றது. அண்ணன் வேகத்தைக் கூட்டினார். சந்தி பின்னால் போனதும், மெத்தையில் தலையணைகளுக்கு நடுவே சாய்ந்திருந்த சீதேவி அக்கா வாய் திறந்தார்.

"தம்பி, அந்தா நிக்கிறது என்ன மரம்?"

"பாலை மரம் அக்கா."

"இவ்வளவு பெரிசா வருமோ? நான் பழம் மட்டும்தான் கண்டிருக்கிறன்."

அதற்குப் பிறகு வழி முழுக்கக் கேள்விதான். அது என்ன குளம், இந்தச் சனம் என்ன பயிர் செய்யுது, மலை ஏன் அப்படித் துண்டாக நிற்குது. எனக்கு விரிவுரை செய்கிற மாதிரி இருந்தது. அண்ணனுக்கு அதில் எதுவும் கேட்கவில்லை. கண்ணாடியைத் திருப்பி, பின்னால் நீட்டியிருந்த அக்காவின் இடது காலைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார்.

"பெருவிரல் அசைஞ்சதே இப்ப?"

"வான் ஆடினது. நீங்கள் ரோட்டைப் பாருங்கோ."

ரன்கிஹிரியவில் தண்ணீர் இதமாக இருந்தது. காட்டு ஓரம், கூட்டம் இல்லை. நான் தள்ளி நின்றேன். அண்ணன் வாளி வாளியாக அள்ளி அந்தக் காலில் ஊற்றி, முழங்காலை மடக்கி நீட்டினார். அரை மணித்தியாலம் கழித்துத் திரும்பி வந்தபோது அக்காவின் முகம் தெளிந்திருந்தது, அண்ணனின் முகம் கறுத்திருந்தது.

"எப்பிடி?" என்றேன்.

"ஒண்டும் இல்லை."

"நல்லாயிருந்தது தம்பி," என்றார் அக்கா. "ஒரு மீன்கொத்தி வந்து கிட்டவா இருந்தது."

வைகாசியில் பொலன்னறுவைப் பக்கம் ஒரு ஊற்றுக்குப் போனோம். கந்தளாய்க் குளக்கட்டில் வானை நிறுத்தச் சொல்லி அக்கா பிடிவாதம் பிடித்தார். முட்டித் தயிர் வாங்கித் தரும்படி கேட்டார்.

"நேரம் போகுது சீதேவி. குளம் எங்கயும் ஓடிப் போகாது."

"நானும் ஓடமாட்டன். அதுதான் இருந்து பாக்கிறன்."

அண்ணன் இறங்கி வானைச் சுற்றி நடந்தார். ஒவ்வொரு டயரையும் காலால் உதைத்துப் பார்த்தார். சுற்றி வந்து திரும்பவும் முதல் டயரை உதைத்தார். அக்கா கதவைத் திறந்து வைத்து, வலக்கையால் தயிரைச் சாப்பிட்டபடி தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கும் கால் அசையவில்லை. திரும்பும்போது அந்தியில் வீதியோரம் யானை நின்றதை அக்கா மூன்று நாள் சுதர்சிகாவிடம் சொன்னாராம்.

நௌபர் வாசலில் வைத்து அண்ணனைச் சீண்டுவார். "என்ன சீலண்ணன், மச்சியக் கூட்டிக்கிட்டு நல்லா ஊர் சுத்துறீங்க. கலியாணம் முடிச்ச புதுசில ஹனிமூன் போகல்லையோ?"

"வாயைப் பொத்து நௌபர்."

"நான் குத்தமாச் சொல்லல்ல. எங்கட வீட்டுலயும் கேக்குறா, நமக்கும் முழங்கால் நோகுது எண்டு."

ஆடி பிறந்தது. நான்கு மாதம் போய்விட்டது. என் தாள் அண்ணனின் பையில் மடிப்பு மடிப்பாகக் கிழியத் தொடங்கியிருந்தது. அடுத்தது மஹா ஓயா என்றார்.

அதிகாலையில் கிளம்பினோம். கிண்ணியாப் பாலம், மூதூர், வெருகல். எங்கள் வீட்டு வாசலில் நிறுத்தி அம்மா கட்டி வைத்திருந்த சோற்றுப் பார்சலை எடுத்துக்கொண்டோம். வாகரைக் கடலைப் பார்த்தபடி அக்கா வந்தார். செங்கலடியில் உள்ளே திரும்பி, புல்லுமலை தாண்டி ஏறும்போது தூரத்து மலைகள் நீலமாகத் தெரிந்தன. அக்கா அவற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அண்ணன் வழியில் ஓரிடத்திலும் நிறுத்தவில்லை.

மஹா ஓயாவில் ஊற்றுகளுக்கு வட்டமாகக் கட்டுக் கட்டியிருக்கிறார்கள். ஒன்று இளஞ்சூடு, ஒன்று கொஞ்சம் கூட, ஒன்றில் கை வைக்க ஏலாது. எனக்கு அது நன்றாகத் தெரியும். நானே வெப்பமானி விட்டு அளந்து எழுதியிருந்தேன். அக்காவைக் கதிரையோடு தூக்கி வைத்துவிட்டு, அவர் குறுக்குக்கட்டோடு குளிக்கப் போகிறார் என்பதால் வழக்கம்போல நான் விலகிப் போனேன். வீதியோரக் கடையில் தேத்தண்ணீர் சொன்னேன். இரண்டு வாய் குடித்திருப்பேன்.

"எப்பா, எப்பா!" என்று ஒரு சிங்கள அம்மாவின் குரல் கேட்டது. வேண்டாம், வேண்டாம் என்று கத்துகிறார். கோப்பையை வைத்துவிட்டு ஓடினேன்.

அண்ணன், தூக்கிச் செல்லும் தூரத்தைக் குறைக்க, வாசலுக்கு மிகக் கிட்ட இருந்த கட்டோரம் அக்காவை இருத்தியிருக்கிறார். அள்ளியிருக்கிறார், ஊற்றியிருக்கிறார். தண்ணீரில் விரல் வைத்துப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. ஆவி பறக்கிறதே என்று அக்கா கேட்டதற்கு, கன்னியாவிலும் விடியற்காலையில் பறக்கும்தானே என்றாராம். நோயுள்ள இடது காலில் மட்டும் ஊற்றினார். அந்தக் கால் ஒன்றும் சொல்லவில்லை. அக்கா மரத்தில் இருந்த குரங்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது வாளி தெறித்து அண்ணனின் கையில் பட்டபோதுதான் அவர் வாளியைப் போட்டார்.

முழங்காலிலிருந்து பாதம் வரை தோல் சிவந்து, நான் போய்ச் சேர்ந்தபோது கொப்புளம் எழும்பத் தொடங்கியிருந்தது. அந்தச் சிங்கள அம்மா குடத்தில் பச்சைத்தண்ணீர் கொண்டுவந்து ஊற்றிக்கொண்டே இருந்தார். அண்ணன் நிலத்தில் மண்டியிட்டு, காலைத் தொடப் பயந்து, கைகளைக் காற்றில் வைத்திருந்தார்.

அங்கே ஆஸ்பத்திரியில் கழுவி மருந்து கட்டி, திருகோணமலையில் தொடர்ந்து காட்டும்படி கடிதம் தந்தார்கள். திரும்பும் வழியில் அக்கா சோற்றுப் பார்சலைப் பிரித்துச் சாப்பிட்டார். அம்மா வைத்த மீன்பொரியல் நன்றாக இருக்கிறது என்றார். அண்ணனின் தோள் குலுங்குவதை நான் பக்கத்து இருக்கையிலிருந்து கண்டேன். அக்காவும் கண்டிருக்கிறார்.

"இஞ்சாருங்கோ. ஏன் அழுறீங்கள்? எனக்குத்தான் நோகேல்லையே."

"அதுக்குத்தான் அழுறன்."



அடுத்த கிழமை அவர் விடுதி மேசைக்கு வந்து அந்தத் தாளை என் முன்னால் விரித்தார். கோபம் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிற குரல்.

"தம்பி, நீங்கள் படிக்கேக்க இந்தத் தண்ணியளின்ட சூடெல்லாம் அளந்ததா?"

"ஓம் அண்ணன்."

"இதில போடேல்லை."

"இல்லை."

அவர் தலையாட்டினார். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார். அவர் திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அன்று அறைக்குப் போய், வெட்டிய நிரலைச் சேர்த்துத் திரும்ப அச்சடித்தேன். கொண்டுபோய்க் கொடுக்க முகம் இல்லாமல் கிழமைக்கணக்காகப் பைக்குள் வைத்துத் திரிந்தேன்.

காயம் ஆறும்வரை பயிற்சி வேண்டாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அண்ணனுக்கு அதுதான் பெரிய அடி. மிச்சமிருந்த இரண்டு மாதம் அவர் கண்முன்னால் வீணாகப் போனது. வானைக் காலையில் கழுவுவார், மத்தியானம் திரும்பக் கழுவுவார். விருந்தினரைக் கன்னியாவில் இறக்கிவிட்டு, தலையில் ஊற்றிக் காட்டாமல் வான் ஓரத்திலேயே நடந்துகொண்டிருப்பார். ஒருநாள் நௌபர் வழக்கம்போல ஏதோ சீண்ட வாயெடுத்து, முகத்தைப் பார்த்துவிட்டு, ஒரு வாழைப்பழத்தை நீட்டினார்.

இரண்டு நாளைக்கு ஒரு தடவை மருந்து கட்ட வேண்டும். ஐந்தாவது கிழமை, அண்ணனுக்கு விடுதியில் அவசர ஓட்டம் வரலாம் என்று நானும் துணைக்குப் போயிருந்தேன். மருந்து கட்டும் அறை வாசலில் நாங்கள் இருவரும் நின்றோம். உள்ளே தாதி, காயத்தில் ஒட்டியிருந்த பழைய துணியைக் கழற்றத் தொடங்கினார்.

"ஆ… மெதுவா மிஸ்ஸி. நோகுது."

அண்ணன் திரைத்துணியை விலக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

"எங்க நோகுது?"

"இந்தா, கணுக்காலுக்கு மேல. சுள்ளெண்டுது."

"இடது காலோ?"

"பின்ன என்ன, மிஸ்ஸி வலது காலையோ உரிக்கிறா?"

அண்ணன் தாதியின் பக்கம் திரும்பினார். "மிஸ்ஸி, இன்னொருக்கா இழுங்கோ."

"உங்களுக்கு என்ன விசரோ?" என்றார் அக்கா.

"கொஞ்சமா. ஒரே ஒருக்கா."

தாதி சிரித்துவிட்டார். உணர்ச்சி திரும்புவது நல்ல அறிகுறிதான், ஆனால் இதை வைத்துக் கால் எழும்பும் என்று தன்னால் சொல்ல ஏலாது, பயிற்சி கொடுப்பவரிடம் காட்டுங்கள் என்றார். சூட்டுத் தண்ணீரால் வந்ததென்று நினைத்துவிடாதீர்கள், அது வந்த காலத்தில் வந்தது என்றும் சொன்னார். முதல் வசனத்துக்குப் பிறகு அண்ணன் எதையும் கேட்கவில்லை. வெளியே வந்து, ஆஸ்பத்திரி வாசலில் நின்றபடி வவுனியாவில் இருக்கும் மகளுக்குப் போன் எடுத்தார். "அம்மாவுக்கு நோகுதாம்," என்று மூன்று தரம் சொன்னார். மறுமுனையில் ஜதுசா பதறியிருக்க வேண்டும். "இல்லை பிள்ளை, நல்ல விசயம். நோகுது," என்றார்.

ஆனால் நாள்கள் நிற்கவில்லை. புரட்டாசியில் அந்த ஆறாவது மாதம் முடியும் நாள் ஒரு வியாழக்கிழமை. பின்னேரம் வேலை முடிந்து போனேன். திருத்தி அச்சடித்த தாளைக் கடைசியில் அன்றைக்குத்தான் கொண்டுபோனேன். முன்னறையில் சீதேவி அக்கா கதிரையில் இருந்தார். தையல் இயந்திரம் துணி போட்டு மூடிக் கிடந்தது. அண்ணன் அறைக்கும் குசினிக்கும் நடந்துகொண்டிருந்தார்.

தாளை வாங்கிச் சூடு எழுதிய நிரலை மேலிருந்து கீழே விரலால் படித்தார். "ஹம்பாந்தோட்டைப் பக்கம் ஒண்டு இருக்கு. சூடு அளவாத்தான் இருக்கு. கதவு பூட்ட முந்தி இண்டைக்கே வெளிக்கிட்டால்…"

"ஹம்பாந்தோட்டையில என்ன இருக்கு?" என்று அக்கா என்னைக் கேட்டார்.

"கடல் இருக்கு அக்கா."

"இஞ்ச இல்லாத கடலோ? மலை இருக்கிற இடமாப் பாத்துச் சொல்லுங்கோ தம்பி."

"மலையில சுடுதண்ணி இல்லை சீதேவி."

"எனக்குத் தண்ணி வேண்டாம்."

அண்ணன் நின்றார். நான் அந்த வீட்டில் அவர் நின்றதை முதன்முதலாக அன்றுதான் கண்டேன்.

"இருபத்தெட்டு வருசமா நீங்கள் ஊரில உள்ள சனத்தையெல்லாம் ஏத்தி இறக்கினீங்கள். நான் உங்கட வானில ஏறினது வருத்தம் வந்து படுத்த பிறகுதான். அதிலயும் நீங்கள் என்ட காலைப் பாத்துக்கொண்டு வந்தீங்கள். நான் வெளியாலை பாத்துக்கொண்டு வந்தனான். எனக்கு அந்தப் பயணமெல்லாம் நல்லாத்தான் இருந்தது, அந்த மஹா ஓயா கூட. உங்களோட ஒரு கதை கதைக்கத்தான் ஏலாமல் போச்சு."

"ஆறு மாசம் இண்டையோட முடியுது."

"முடியட்டும். நாளைக்கு என்ன கிழமை?"

"வெள்ளி."

"வெள்ளிக்கிழமை விடிஞ்சால் கால் கழண்டு விழுந்திடுமோ?"

"இல்லை."

"அப்ப இருங்கோ. சுதர்சிகா தேத்தண்ணி கொண்டு வாறாள், குடிச்சிட்டுப் போங்கோ. தம்பிக்கும்."

அவர் இருந்தார். வலது கால் தரையில் மிதிக்கத் தொடங்கியது. அக்கா அதைப் பார்த்தார். தேத்தண்ணீர் வந்தது. மலையென்றால் நுவரெலியாவா, பண்டாரவளையா என்று அண்ணன் கேட்டார். எங்கே குளிர் குறைவு என்று அக்கா என்னிடம் கேட்டார். பண்டாரவளை என்றேன். அப்படியென்றால் நுவரெலியாவுக்கே போவோம், குளிர் எப்படி என்று தெரியாமலே இவ்வளவு காலம் போய்விட்டது என்றார் அக்கா.

காயம் ஆறியதும் பயிற்சி திரும்பத் தொடங்கியது. பயிற்சி கொடுக்கும் பெண், ஆறு மாதத்தில் எந்தக் கதவும் பூட்டாது என்று அண்ணனை இருத்தி வைத்து இரண்டாம் முறை சொன்னார். மார்கழியில் அக்கா கம்பியைப் பிடித்து எழுந்து நின்றார். தை முடியும்போது நான்கு எட்டு வைத்தார்.

இவையெல்லாம் நடந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. நான் விடுதியை விட்டு இப்போது பிரதேச செயலகம் ஒன்றில் வேலை செய்கிறேன். தர்மசீலன் அண்ணன் அதே விடுதி வானைத்தான் ஓட்டுகிறார். கன்னியாவில் விருந்தினர் விரல் வைத்துப் பார்த்தால் இப்போது காத்து நிற்கிறார். சீதேவி அக்கா கைத்தடியோடு வீட்டிலிருந்து பெரிய வீதி வரை நடந்து, அங்கே கொஞ்சம் இருந்துவிட்டுத் திரும்புகிறார். இடது கை இன்னும் எழும்பவில்லை, தையல் இயந்திரத்தைச் சுதர்சிகா ஓட்டுகிறார். இருவரும் நுவரெலியாவுக்கு ஒருமுறை போய் வந்தார்கள், அடுத்தது மலைநாட்டில் எல்ல என்ற ஊர் என்று கதை. அக்கா கன்னியாவுக்கு இன்னும் போகவில்லை.